வீட்டு ஆள்மீது புகார் சொல்ல நான்கு வாசல்கள்: 1098, 112, இணைய மனு, மகளிர் காவல் நிலையம்

சித்தப்பாவோ, மாமாவோ, கூடப் படித்த நண்பனோ ஒரு குழந்தையிடம் தவறாக நடந்தது தெரிந்ததும், வீட்டுப் பெரியவர்கள் கூடி முதலில் பேசுவது "போலீசுக்குப் போவதா வேண்டாமா" என்பதைத்தான். சட்டம் அந்தத் தேர்வை 2012-லேயே நம் கையிலிருந்து எடுத்துவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தகவல் தரவேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தராவிட்டால் 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அண்ணன், அப்பா, மனைவி, தாய் என்று யாருக்கும் விலக்கு இல்லை. ஒளிந்திருக்கும் குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்த குற்றத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சட்டம் தரும் விலக்கை நினைத்துக்கொண்டு பலர் இங்கே ஏமாறுகிறார்கள். அது வேறு பிரிவு, போக்சோவுக்கு ஒட்டாது.

ஆகவே எந்த வாசல் வழியாகச் சொல்வது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. தமிழ்நாட்டில் நான்கு வாசல்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

1098-ல் தொடங்குவோம். 1996-ல் மும்பையில் ஆரம்பித்த இந்தக் குழந்தைகள் உதவி எண், 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்து 112-உடன் இணைக்கப்பட்டது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லப்போகிறவருக்கு இதன் பெரிய பலம், பெயர் சொல்லாமலும் பேசலாம் என்பது. குழந்தையின் வயது, இருக்கும் இடம், குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருக்கிறாரா, இந்த நிமிடம் ஆபத்து உண்டா ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். பதற்றத்தில் பேசுபவர்கள் உறவுமுறையை விளக்குவதிலேயே நேரத்தைப் போக்கிவிடுவார்கள், முகவரி விட்டுப்போகும். முகவரி இல்லாத தகவலை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் வாசலில் வந்து நிற்க முடியாது. அழைத்த நாள், நேரம், பேசியவர் பெயர், பதிவு எண் கொடுத்தால் அந்த எண், எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

இதன் பலவீனத்தையும் சொல்லவேண்டும். 19-வது பிரிவு குறிப்பிடுவது சிறப்புச் சிறார் காவல் பிரிவையும் உள்ளூர் காவல் துறையையும்தான். 1098-க்குப் போன அழைப்பு முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) ஆகாது. குழந்தையைக் காப்பாற்ற அதுவே சிறந்த முதல் அழைப்பு. உங்கள் கடமை முழுதாக நிறைவேற, காவல் நிலையத்துக்கு எழுத்திலும் ஒரு தகவல் போகட்டும்.

112 அந்த நிமிட ஆபத்துக்கான எண். அடி உதை நடக்கிறது, குழந்தையை ஊரைவிட்டுக் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள், ஆள் கத்தியோடு நிற்கிறான் என்றால் யோசிக்காமல் இதை அழுத்துங்கள். தமிழ்நாடு காவல் துறையின் 'காவல் உதவி' செயலியின் அவசரப் பொத்தானும் இதற்கானதுதான். மூன்று மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்ல இது தேவையில்லை.

மூன்றாவது, தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் உள்ள புகார் மனுப் பதிவு. தொலைந்த ஆவணத்துக்கும் பணத் தகராறுக்கும் நல்ல வசதி. வீட்டுக்குள் நடந்த பாலியல் குற்றத்துக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு நாளும் தடயம் அழியும் வழக்கில், மனு பரிசீலனைக்குப் போய்த் திரும்பிவரும் வரை காத்திருக்க முடியாது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு மின்னணு வழியில் தகவல் தர இடம் கொடுக்கிறது, ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவாகும். ஊர் முழுக்கப் படித்துவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றச் சொன்ன 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு, பாலியல் குற்றங்களையும் போக்சோ வழக்குகளையும் அதிலிருந்து விலக்கியிருக்கிறது.

நான்காவது அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் திறந்தது. போக்சோ புகாருக்குப் பெரும்பாலும் வந்துசேர வேண்டிய இடம் இதுதான். உங்கள் எல்லைக்குட்பட்ட நிலையமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த நிலையத்திலும், எல்லை பார்க்காமல் பதியும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும். சம்பவம் நடந்தது மதுரையில், குழந்தை இருப்பது கோவையில் என்றால் கோவையிலேயே கொடுக்கலாம்.

மனு ஒரு பக்கம் போதும், இரண்டு பிரதிகள் வேண்டும். யார், எப்போது, எங்கே, உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று எழுதுங்கள். கண்ணால் கண்டதையும் குழந்தை சொல்லிக் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். குழந்தை பயன்படுத்திய சொல் மழலையாக இருந்தால் அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள், நாகரிகமான சொல்லாக மாற்றாதீர்கள். குறுக்கு விசாரணையில் "இது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது" என்று வாதம் கிளம்புவது அந்த மாற்றத்திலிருந்துதான். பாகப்பிரிவினை, அடகு நகை, பழைய பகை எதையும் மனுவில் கலக்கவே கூடாது. சொத்துச் சண்டைக்காகக் கொடுத்த புகார் என்று எதிர்த்தரப்பு சொல்ல நீங்களே வழி செய்துகொடுத்ததாகிவிடும்.

ரைட்டர் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அது மனு பெற்றதற்கான ரசீதுதான், வழக்கு அல்ல. பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. "14 நாள் முதல்கட்ட விசாரணை செய்வோம்" என்ற பதிலும் வரலாம். அந்த வசதி 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். குழந்தையின் உறவினர் செய்த பாலியல் தொடுகைக்கே தண்டனை 5 முதல் 7 ஆண்டு, ஊடுருவும் குற்றமானால் குறைந்தது 20 ஆண்டு. இரண்டும் அந்த வரம்புக்குள் வரவில்லை. தகவலைப் பதிய மறுக்கும் காவலரும் 21-வது பிரிவில் தண்டனைக்கு உரியவர். அப்போதும் மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ அனுப்பி, அந்த ரசீதோடு நீதித்துறை நடுவரை அணுகலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் நடக்கும் தவறுகள்தான் பெரும்பாலான வழக்குகளைக் கெடுக்கின்றன. அம்மா ஒருமுறை, பாட்டி ஒருமுறை, அத்தை ஒருமுறை என்று குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் விவரம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றமே பின்னால் முரண்பாடு ஆகும். ஒருவர் ஒருமுறை கேட்டு, தேதி நேரத்தோடு எழுதிவைத்தால் போதும். சமீபத்தில் நடந்தது என்றால் குளிக்கவைக்காதீர்கள், உடையைத் துவைக்காதீர்கள். உடலில் தடயம் கிடைக்க வாய்ப்பு 72 மணி நேரம் வரை நன்றாக இருக்கும், 96 மணி நேரத்துக்குப் பின் மிகக் குறைவு. உடையைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மருத்துவமனை, தனியாராக இருந்தாலும், எஃப்.ஐ.ஆர். இல்லாமலே இலவச முதல் சிகிச்சை தரவேண்டும். கைபேசியில் படமோ வீடியோவோ இருந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பாதீர்கள், அனுப்புவதே தனிக் குற்றம். கைபேசியை அப்படியே ஒப்படையுங்கள்.

"எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம்" என்ற பஞ்சாயத்து செல்லாது. போக்சோ குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தாளில் கையெழுத்திட்ட பெரியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி ஆகிவிடும்.

வாக்குமூலம் வாங்க வருபவர் இயன்றவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அலுவலராக, சீருடை இல்லாமல், குழந்தையின் வீட்டுக்கோ அதற்குப் பிடித்த இடத்துக்கோ வரவேண்டும். குழந்தையை இரவில் நிலையத்தில் வைக்கக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிப்பவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரவேண்டும். குழந்தை வீட்டில் இருக்கலாமா, வேறு பாதுகாப்பான இடம் வேண்டுமா என்று குழு 3 நாளுக்குள் முடிவெடுக்கும். தாய்மார்கள் அதிகம் பயப்படும் கட்டம் இது, "குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்று. பாட்டி வீடு, பெரியம்மா வீடு என்று நம்பகமான மாற்றிடம் இருந்தால், அங்கே பார்த்துக்கொள்ளப்போகிறவரின் ஆதார் நகலோடு முதல் நாளே குழுவிடம் சொல்லுங்கள்.

சம்பாதிப்பவரே உள்ளே போய்விட்டால் அடுப்பு எப்படி எரியும் என்பது நியாயமான பயம். 2020 போக்சோ விதிகளின்படி உணவு, உடை, பயணம் போன்ற உடனடித் தேவைக்கு நலக் குழு உதவித்தொகை பரிந்துரைக்கலாம், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்படவேண்டும். இடைக்கால இழப்பீடு தனி. இவை தானாக வந்து சேராது, குழு முன் வாயைத் திறந்து கேட்கவேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே வரும் ஆதரவு நபரையும் அப்போதே கேளுங்கள். இலவச வழக்கறிஞருக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

நல்லெண்ணத்தில் சொன்ன தகவல் நிரூபணமாகாமல் போனாலும் உங்கள்மீது வழக்கு வராது. 22-வது பிரிவு தண்டிப்பது அவமானப்படுத்தவோ, பணம் பறிக்கவோ, மிரட்டவோ, அவதூறு செய்யவோ வேண்டுமென்றே சொன்ன பொய்யை மட்டும்.

ஒன்றில் மட்டும் சட்டம் கனமாக விழுகிறது. 17 வயதுப் பெண் தன் விருப்பத்தோடு காதலித்துக் கருவுற்றால் அதுவும் இதே போக்சோ சட்டத்தில்தான் வரும். மருத்துவரிடம் போகவே குடும்பம் பயந்து நாட்டு மருந்து தேடுவது பெண்ணின் உயிருக்கே ஆபத்து. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிடலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மருத்துவமனைக்குப் போனதும் அந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.