பிளேஃபெயர் டிஸ்பிளே: பெயருக்கு அழகு, ஃபோன் நம்பருக்கு ஆகாது

வெள்ளவத்தையில் கலியாண அழைப்பிதழ் வடிவமைப்பது என் தொழில். "ரிச்சா இருக்கவேணும், ஆனா பளபளப்பு வேண்டாம்" என்று வருகிறவர்களுக்கு, ஆங்கிலப் பக்கத்துக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது பிளேஃபெயர் டிஸ்பிளேயைத்தான். டென்மார்க்காரர் கிளாஸ் எக்கர்ஸ் சோரன்சன் வடிவமைத்த எழுத்துரு. கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசம், காசு வாங்கிச் செய்கிற வேலைக்கும் தாராளமாகப் பாவிக்கலாம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அகன்ற முனைப் பேனா போய்க் கூரான முனை வந்தது. கடதாசியும் மையும் அச்சும் கூடவே தேறின. மயிரிழைக் கோடு அச்சில் நின்று பிடித்தது அந்தக் காலத்தில்தான். ஆங்கிலேய அச்சாளர் பாஸ்கர்வில் வழிவந்த அந்த நடைதான் இதிலும். தடித்த கோடு நன்றாகத் தடித்திருக்கும், மெல்லியது இருக்கிறதா என்று தேட வைக்கும். எனக்குப் பிடித்தது சாய்வெழுத்தில் வரும் 'அண்ட்' குறி (&). மாப்பிள்ளை, பொம்பிளை பெயர்களுக்கு நடுவில் அதை மட்டும் பெரிதாகப் போட்டால் பூவும் கொடியும் தேவையே இல்லை. (பிள்ளையார் இல்லாமல் அம்மாமார் விடமாட்டார்கள், அது வேறு.)

வில்லங்கம் இலக்கங்களில். இதன் இலக்கங்கள் பழைய பாணியில் ஏறி இறங்கி நிற்கும். வருடத்தைப் பெரிதாகப் போட்டால் அது அழகுதான். ஆனால் 077 என்று ஒரு நம்பரை அடித்துப் பாருங்கள்: 0 குட்டி 'ஓ' போலக் குந்தியிருக்கும், இரண்டு 7உம் கோட்டுக்குக் கீழே தொங்கும். வேர்டில் ஃபொண்ட் அட்வான்ஸ்ட் பக்கத்துக்குப் போய் நம்பர் ஃபோர்ம்ஸை லைனிங் என்று மாற்றினால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வரும். இன்டிசைனிலும் ஓப்பன்டைப் மெனுவில் இதே வசதி உண்டு.

அடுத்தது மட்டை. புறக்கோட்டையில் வாங்கும் சொரசொரப்பான மட்டையில் தங்க ஃபொயில் அடித்தால் மெல்லிய கோடுகள் அங்கங்கே அறுந்துபோகும். மெரூன் பின்னணியில் சின்ன வெள்ளை எழுத்து இன்னும் மோசம், மை பரவிக் கோட்டை விழுங்கிவிடும். அதனால் பெயர்களுக்கு மட்டும் இது, 24 பொயின்டுக்குக் குறையாமல், வழவழப்பான மட்டையில். மண்டப விலாசம் போன்ற பொடி எழுத்துக்கு டிஸ்பிளே என்ற வால் இல்லாத, வெறும் பிளேஃபெயர் என்ற புதிய குடும்பத்தை எடுங்கள். அளவு சிறுக்கச் சிறுக்கக் கோடு தடிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

தமிழோ சிங்களமோ இதில் கிடையாது. மும்மொழிக் கார்ட் என்றால் சிங்களத்துக்கு அபய லிப்ரே. நம்ம கொழும்பில் எழுத்துரு செய்கிற மூனியாக் நிறுவனத்தார் வெளியிட்டது, இதுவும் இலவசம். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் வைக்கிறேன். பிளேஃபெயர் அளவுக்கு நளினம் இல்லை என்றாலும் தடிப்பு மெலிவு ஓரளவு ஒத்துப்போகிறது. தமிழை ஒன்றிரண்டு பொயின்ட் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் ஆங்கிலத்தை அமுக்கிவிடும்.