பகுதி சபை: நான்கு கூட்டங்களுக்குப் போய்வந்த ஒரு வாடகைக்காரியின் மதிப்பீடு

எங்கள் தெரு நலச்சங்கத்தில் எனக்கு ஓட்டு இல்லை. பத்தொன்பது வருடமாக இதே வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மாதச் சந்தா ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர் என்பது சங்கத்தின் விதி. எங்கள் வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். இந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று அவருக்கு நான்தான் போனில் சொல்ல வேண்டும்.

அதனால்தான் பகுதி சபை என்று ஒன்று வருகிறது, அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர் என்று தெரிந்த அன்றே போவது என்று முடிவு செய்தேன். இதுவரை நான்கு கூட்டம் போயிருக்கிறேன். நம்மில் பலர் இன்னும் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். சென்னையை ஒட்டிய புறநகர் எங்களுடையது. ஊர் பெயரும் வார்டு எண்ணும் வேண்டாம். நான் எடைபோட நினைப்பது இந்த ஏற்பாட்டைத்தான், எங்கள் கவுன்சிலரை அல்ல.

முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை உண்டு. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரத்துக்காரர்களுக்கு அப்படி எதுவும் இல்லாமலே காலம் ஓடியது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. நம் மாநிலத்திலோ 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நகரங்களில் கவுன்சிலர்களே இல்லை. அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான் வார்டு குழு, அதற்குக் கீழே பகுதி சபை என்று அமைத்தார்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்திருந்தார். ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. ஒவ்வொரு சபைக்கும் ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகள் எல்லோரும் சேர்ந்து, கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு.

எங்களுக்கும் முதல் கூட்டம் அந்த நவம்பரில்தான். பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அறிவிப்பு முந்தின நாள் சாயந்திரம்தான் வந்தது, அதுவும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில். நான் அந்தக் குழுவில் இல்லை. பால் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டேன். வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். தெருவிளக்கு, நாய், குப்பை வண்டி என்று ஒவ்வொருவரும் எழுந்து குறை சொன்னார்கள். உதவிப் பொறியாளர் எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. அதில் என்ன தீர்மானம் நிறைவேறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவது கூட்டமும் அப்படியேதான். இரண்டோடு நிறுத்தியிருந்தால் ஐந்துக்கு ஒன்று கொடுத்திருப்பேன்.

நடுவில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 2015 வெள்ளத்தில் எங்கள் வாசலில் நான்காம் படி வரை வந்த தண்ணீர், இந்த முறை ஐந்தாம் படியையும் தாண்டியது. மழை அதைவிடக் கொட்டியதால் என்று நான் நினைக்கவில்லை. இடையில் பிரதான சாலையை இரண்டு முறை பழையதைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டிருந்தார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். எங்கள் சாலை அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது. தண்ணீர் வடிந்த கையோடு, மழைநீர் வடிகால் வரப்போகிறது என்ற செய்தியும் வந்தது. வடிகால் எங்கள் நான்கு தெருக்களிலிருந்தும் அந்தப் பிரதான சாலைக்குப் போகும் என்றார்கள்.

நான் முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பகுதியின் பழைய புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், கிழக்குக் கோடியில் ஒரு வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறது, ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து வரும் பழைய வாய்க்கால். தண்ணீர் அந்தப் பக்கம் போகத்தான் பார்க்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சபையில் சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அளந்து காட்ட வேண்டும்.

அளந்தோம். மூன்றாம் தெருக் கொத்தனார் ஒருவர் தன் டியூப் லெவலைக் கொண்டுவந்தார். வீடு கட்டும்போது அஸ்திவார மட்டம் பார்ப்பார்களே, தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாய், அதுதான். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. பிள்ளையார் கோவில் கீழ்ப்படியைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு தெருவிலும் நாற்பத்திரண்டு இடத்தில் மட்டம் எடுத்தோம். ஒரு முனையைக் கொத்தனார் பிடிப்பார், மறுமுனையைப் பத்தாவது படிக்கும் இரண்டு பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்தார்கள். நான் புத்தகத்தில் எழுதினேன். சில வீடுகளில் தண்ணீர் நின்ற கறை சுவரிலேயே இருந்தது, அதையும் அளந்தோம். பிரதான சாலை எங்கள் கிழக்குக் கோடியைவிட 38 சென்டிமீட்டர் மேலே இருந்தது. பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை மேட்டுக்கு அனுப்பப் போட்ட திட்டம் அது.

அந்த இரண்டு ஞாயிறில் நான் கற்றுக்கொண்டது, என் முப்பத்திரண்டு வருடத்தில் யாரும் சொல்லித் தராத ஒன்று. இரண்டாம் தெரு முனையில் இஸ்திரி போடும் அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "குழாயெல்லாம் எதுக்கும்மா? மழை வந்தா வண்டிய நான் எங்க தள்ளிட்டுப் போறேன்னு பாருங்க. அந்த வேப்பமரத்தடிக்குத்தான். மூணு மழையா சக்கரம் நனையாத இடம் அது ஒண்ணுதான்" என்றார். அளந்து பார்த்தோம். நாற்பத்திரண்டில் மிக உயர்ந்த புள்ளி அந்த வேப்பமரத்தடி.

மூன்றாவது கூட்டம் 2024 ஜனவரியில். இந்தத் தடவை நாங்களே வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். மாடி வாடகைக்காரர்கள், கடைப் பையன்கள், வேலைக்குப் போகும் பெண்கள் என்று எழுபது பேருக்கு மேல் வந்தார்கள். ஏ2 தாளில் வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டினேன். நீலத்தில் தண்ணீர் நின்ற உயரம், சிவப்பில் நிலமட்டம், பச்சையில் பழைய வாய்க்கால். பொறியாளர் இளம்பெண். பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் படத்தையே பார்த்தார். பிறகு, "மேடம், இந்தப் புள்ளிகளோட அட்டவணை கிடைக்குமா? நாங்க ஒருமுறை கருவி வச்சுச் சரிபார்த்துக்கறோம்" என்றார். கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு குடியிருப்பவளாக என்னிடம் யாரும் தகவல் கேட்டதில்லை, புகார் மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.

தீர்மானத்தை அங்கேயே எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினோம். இதைச் செய்யாமல் யாரும் எழுந்துவிடாதீர்கள். பேசியது காற்றோடு போய்விடும், பதிவேட்டில் ஏறியதற்குத்தான் பதில் வரும். அதன் நகலை ஒப்புகையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வார்டு குழுவுக்கு அந்தத் தீர்மானம் போனதா என்று கேட்க உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

நான்காவது கூட்டத்தில் பதில் வந்தது. அவர்கள் கருவி வைத்து எடுத்த மட்டத்துக்கும் எங்கள் டியூப் மட்டத்துக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் எங்கேயும் வித்தியாசம் இல்லை. இரண்டு தெருக்களின் வடிகாலைக் கிழக்கே திருப்ப ஒப்புக்கொண்டு, அப்படியே கட்டியும் விட்டார்கள். போன வடகிழக்குப் பருவமழையில் அந்த இரண்டு தெருவிலும் அரை நாளில் தண்ணீர் வடிந்தது. மற்ற இரண்டு தெருவுக்கு வாய்க்கால் புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்பு தடை. அங்கே ஆறு குடும்பம் குடிசை போட்டிருக்கிறது, கூடவே பெரிய வீடு ஒன்றின் மதில் சுவரும் இருக்கிறது. குடிசைகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மதிலைப் பற்றிப் பேச ஆளில்லை. படத்தில் இரண்டையும் ஒரே நிறத்தில் வரைந்திருந்தேன். அந்த ஆறு குடும்பத்துக்கும் மாற்று இடம் சொல்லாமல் எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் முடியவில்லை.

குறைகளைச் சொல்ல வேண்டும். சபைப் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நகர்மன்றம் நியமிக்கிறது. கவுன்சிலருக்கு வேண்டியவரே வந்துவிட வழி இருக்கிறது. இதை மாற்றாதவரை நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன். சபையின் கையில் பணமும் கிடையாது. புனேயில் 2006லிருந்து குடிமக்கள் கேட்கும் சின்ன வேலைகளை மாநகராட்சி பட்ஜெட்டிலேயே சேர்க்கும் முறை இருக்கிறது. கேரளத்தில் 1996 மக்கள் திட்ட இயக்கத்தில் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். நமக்கு இருக்கும் வழி நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் திரட்டினால் மீதியை அரசு போடும். நீர்நிலை என்றால் பாதிக்குப் பாதி. நல்ல திட்டம்தான், எங்கள் பூங்கா அப்படி வந்ததுதான். ஆனால் பணம் திரட்ட முடிந்த தெருவுக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும். குடிசைத் தெரு மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போகும்?

நலச்சங்கத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பு 1989இல் சென்னையில் தொடங்கிய காலத்தில் நான் வேறு பகுதியில் இருந்தேன். தெருக்காரர்களே சேர்ந்து மூன்று சக்கர வண்டி வாங்கி, ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துக் குப்பை எடுக்கவைத்தார்கள். வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய். தெரு எங்களுடையது என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது. இங்கேயும் சங்கம் இல்லாவிட்டால் பூங்காவுக்குப் பூட்டுகூட இருக்காது. ஆனால் பராமரிப்பது வேறு, எங்கே சாலை, எங்கே வடிகால், யார் வீட்டு வழியாக என்று தீர்மானிப்பது வேறு. இரண்டாவதற்கு வாடகைக்காரரும் குடிசைக்காரரும் உட்காரும் அறை வேண்டும். இப்போது அந்த அறை பகுதி சபைதான்.

பெரிய திட்டங்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் வந்தது, 2026ஐ இலக்காக வைத்தது. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்ல நகர் ஊரமைப்புச் சட்டப்படி குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. மட்டம் எடுத்து, படம் வரைந்து, தீர்மானம் எழுதிப் பழகிய தெருவுக்கு இரண்டு மாதம் போதும். பழகாத தெருவுக்கு வரைவு வந்ததே தெரியாமல் போகும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் வாக்காளர் அட்டை, உங்கள் பகுதிப் பட்டியலின் பாக எண், இரண்டு பேனா, தெருவின் கைவரைபடம் எடுத்துக்கொண்டு போங்கள். அரை மணி முன்னால் போய் முன்வரிசையில் உட்காருங்கள்.

இஸ்திரி அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது கூட்டத்தில் வேப்பமரத்துக் கதையை அவரே எழுந்து சொன்னார், பொறியாளர் குறித்தும் கொண்டார். ஆனால் தீர்மானத்தில் அவர் கையெழுத்து இல்லை. பெயர் இன்னும் செய்யாறு பக்கம் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. பதினொரு வருடமாகப் பகலெல்லாம் இந்தத் தெருமுனையில் நிற்கிறவர், குடியிருப்பதும் நான்காம் தெருவில்தான். போன மாதம் இருவருமாக உட்கார்ந்து இடமாற்றத்துக்கான படிவம் 8ஐ நிரப்பினோம். வாடகை ஒப்பந்தம் கிடையாது, கேஸ் இணைப்புப் புத்தகத்தின் நகலை வைத்தோம். போன வியாழக்கிழமை வாக்குச்சாவடி நிலை அலுவலர் முகவரி விசாரிக்க வந்தார். அவரை நான்காம் தெருவுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்.