லைவ் ராக்கோடு வந்தது யார்? உப்புநீரில் முக்குவதா, தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதா?

லைவ் ராக் என்பது கடல் உயிர்கள் ஒட்டியும் பதுங்கியும் வரும் பாறைக் கல். கூடவே வரும் வேண்டாத உயிர்களைக் கண்டுபிடிக்க, முதல் கல்லை உப்புநீரில் முக்கி எடுத்து, அன்றே பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்கில் வைத்தேன். இரண்டாவது கல்லைத் தனித்தொட்டியில் போட்டு 11 வாரம் பார்த்தேன். இனி எந்தக் கல் வந்தாலும் தனித்தொட்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

படம் எடுத்து விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுவது மூன்றாவது வழி. இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகராதவற்றுக்கு அது போதும். முதுகில் 8 ஓடு வரிசையாக இருந்தால் கைட்டன் என்ற நத்தை இனம். குழாயிலிருந்து விசிறி விரிந்து, நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே போனால் விசிறிப்புழு. இரண்டாலும் தொல்லை இல்லை. ஆனால் பொந்துக்குள் பதுங்கும் ஆசாமிகளின் படத்தில் ஒரு காலோ ஒரு கொடுக்கோதான் தெரியும். அதை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

முக்குவது வேகமான வழி. டேங்க் நீரின் அடர்த்தி 1.025, 1.026 அளவில் இருக்கும். வாளியில் 1.035 முதல் 1.040 வரை உப்பைக் கூட்டி, கல்லை ஓரிரு நிமிடம் முக்கினால் நண்டும், இரையை அடித்துக் கொல்லும் மான்டிஸ் இறாலும் தாங்காமல் வெளியே ஓடிவரும். என் வாளியில் ஒரு மயிர் நண்டும் நட்சத்திர மீன் போன்ற இரண்டு பிரிட்டில் ஸ்டார்களும் ஆம்பிபாட் என்ற பொடி இறால் போன்றவை ஏகப்பட்டவையும் விழுந்தன. எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி கல்லை உள்ளே வைத்தேன். எட்டாம் நாள் கல்லின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஐப்டேசியா அனிமோன் (பவளத்தைக் கொட்டி, தொட்டி முழுக்கப் பரவும் தொல்லை) ஒன்று கைகளை விரித்து நின்றது. முக்கியபோது அது ஓடவில்லை, சுருங்கி ஓட்டைக்குள் ஒண்டிக்கொண்டது. ஓடுகிறவன் அகப்படுவான், ஒண்டுகிறவன் தங்கிவிடுவான் என்பதுதான் முக்குவதில் உள்ள கோளாறு. ஐப்டேசியாவைச் சுரண்டி எடுக்கவும் கூடாது. பாதத்தில் துணுக்கு மிஞ்சினாலும் அதிலிருந்து புதிதாக ஒன்று முளைக்கும். போதாததற்கு, கல்லில் இருந்த கடற்பஞ்சு அழுகி அம்மோனியா ஏறியது.

தனித்தொட்டிக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஹீட்டர், சிறிய பம்ப், மங்கலான விளக்கு போதும். ஆனால் நீர் குறைவு என்பதால் ஆவியாகி உப்பு சீக்கிரம் ஏறும். தினமும் உப்பில்லாத நல்ல நீர் ஊற்றி அளவைச் சரிசெய்ய வேண்டும், அம்மோனியாவையும் சோதிக்க வேண்டும். இந்த வேலை சலிப்புதான், மறைக்கவில்லை.

அந்தச் சலிப்புக்கு ஈடு இரவில் கிடைக்கிறது. விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிப் பாருங்கள். பல உயிர்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது, அதனால் பயமின்றி நடமாடும். குச்சி நுனியில் சிறு இறால் துண்டைச் செருகிக் கல்லருகே நீட்டினால் யார் வருகிறார்கள், எப்படித் தின்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

முதல் வாரம் இளஞ்சிவப்புப் புழு ஒன்று வந்தது. பக்கவாட்டில் வெண்ணிற முள் கற்றைகள். முள் குத்தினால் எரியும் தீப்புழுவோ என்று பதறி இடுக்கியை எடுத்துவிட்டேன். தீப்புழுவுக்கு முள்ளோடு சிவந்த செவுள் கொத்துகளும், தலைமேல் மடிப்பு மடிப்பாகத் தசையும் இருக்கும். இதற்கு இரண்டும் இல்லை. அழுகிய துண்டை மட்டும் தின்றுவிட்டுப் போனது. துப்புரவுப் பணியாளரைக் கொல்ல இருந்தேன். அடுத்து ஒரு நண்டு. தொல்லை தராத எமரால்டு நண்டின் கொடுக்கு நுனி பாசி சுரண்ட வாகாகக் கரண்டி போல இருக்கும். இதன் நுனியோ கூராகவும் கறுப்பாகவும் இருந்தது. மேலெல்லாம் மயிர். நத்தையைப் பிடித்து உடைக்கப் பார்த்ததையும் நேரில் கண்டேன். அதைப் பிடித்து வேறு இடத்துக்கு மாற்றினேன்.

மூன்றாம் வாரம் வரை முகமே காட்டாத ஒன்றும் அந்தக் கல்லுக்குள் இருந்தது. இரவு ஒரு மணிக்குப் பொந்திலிருந்து வானவில் மினுக்கோடு ஒரு புழு நீண்டது. தலையில் எண்ணி ஐந்து உணர்கொம்புகள். இறால் துண்டைக் கவ்வி ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது. யூனிஸ் என்ற கடற்புழு வகை. 2009இல் இங்கிலாந்தின் நியூக்கே நகர மீன்காட்சியகத்தில், பவளங்கள் கடிபட்டுக் கிடந்ததற்குக் காரணம் தேடிக் காட்சித் தொட்டியையே கலைத்தபோது, இப்படிப் பதுங்கியிருந்த, ஏறத்தாழ 4 அடி நீளக் கடற்புழு ஒன்று அகப்பட்டது. முக்கியிருந்தால் என் புழு இன்னும் ஆழத்துக்குள் போயிருக்கும். படத்திலும் விழுந்திருக்காது. என்னைப் பொறுத்தவரை வழக்கு இங்கேயே தீர்ந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. மீனே இல்லாத தொட்டியில் கல் 76 நாள் கிடந்தால், அதில் ஒட்டி வரும், மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க் கிருமியின் கூடுகளிலிருந்து வெளிவருபவையும் பற்றிக்கொள்ள மீனின்றி மடியும் என்பது வளர்ப்போர் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. என் 11 வாரக் கணக்கும் அதிலிருந்து வந்ததுதான்.

முக்குவதற்கும் இடம் இருக்கிறது. கல்லிலிருந்து 'டிக்' என்று சொடுக்கும் சத்தம் கேட்டால் நானும் முக்கிவிடுவேன். சத்தம் பிஸ்டல் இறாலுடையதாகவும் இருக்கலாம், மான்டிஸுடையதாகவும் இருக்கலாம். வாளியில் விழுந்ததும் தெரிந்துவிடும்: ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருந்தால் பிஸ்டல், தண்டு மேல் கண்கள் தனித்தனியாகச் சுழன்றால் மான்டிஸ். நான் பார்த்தது கை அகலக் கற்களைத்தான். இருபது முப்பது கிலோ கல் வந்து இறங்கினால் தனித்தொட்டி கட்டுப்படியாகுமா என்பதற்கு என் அனுபவம் போதாது. அஸ்டெரினா நட்சத்திர மீனைப் பற்றியும் உறுதி தரமாட்டேன். என்னுடையவை கண்ணாடியில் பாசியைத்தான் மேய்ந்தன, ஆனால் சிலருடைய தொட்டியில் சோவாந்திட் பவளத்தை அவை தின்றிருக்கின்றன.

76 நாளும் முடிந்துவிட்டன. கல்லை இன்னும் மாற்றவில்லை. யூனிஸ் அதே பொந்தில்தான் இருக்கிறது, குச்சியில் துண்டை நீட்டினால் ஐந்து கொம்பும் முதலில் வெளியே வருகின்றன.