650 ரூபாய் நிறமாலைகாட்டி: அளவுகோலை நம்பாதீர்கள்

மயிலாடுதுறையில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். சோடியத்தின் மஞ்சள் வரி 589 நானோமீட்டர் என்று 18 வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். போன மாதம்தான் ஆன்லைனில் 650 ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு நிறமாலைகாட்டி (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) வாங்கினேன். கறுப்பு பிளாஸ்டிக் குழாய், ஒரு முனையில் பிளவு, மறுமுனையில் ஒளியைப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 500 கோடு போட்ட கீற்றணி பிலிம். அவ்வளவுதான்.

உள்ளே ஒட்டியிருக்கும் அளவுகோல் சுத்தப் பொய். வேதாரண்யம் கல்லுப்பைக் கரைத்து, கம்பியை நனைத்து கேஸ் அடுப்பில் காட்டினேன். மஞ்சள் வரி பளிச்சென்று விழுந்தது, ஆனால் 605-இல். “பர்னர் அடைச்சுக்கும், பாத்துங்க” என்றாள் மனைவி. அடைத்துக்கொண்டது. உரக்கடையில் வாங்கிய மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) விடவில்லை. தீ பச்சையானது, ஆனால் குழாய்க்குள் கூர்மையான வரி இல்லை, மங்கலான பட்டைகள்தான். அந்தப் பச்சையில் பெரும்பங்கு தனி அணுவுடையதல்ல, தீயில் உண்டாகும் தாமிர மூலக்கூறுகளுடையது.

பிளவும் ரொம்ப அகலம். சவர பிளேடை இரண்டாக உடைத்து நெருக்கி ஒட்டியதும் கருவியே வேறாகிவிட்டது. வெள்ளை மேகத்தைப் பார்த்தேன் (சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது). வானவில்லுக்குள் தலைமுடி போலக் கறுப்பு வரிகள். அதில் ஒன்று, உப்பு வரி நின்ற அதே 605-இல்! பொய்யே ஆனாலும் இரண்டு தடவையும் ஒரே பொய். சூரியனின் வெளி அடுக்கில் சோடியம் இருப்பதை 1859-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் இந்தப் பொருத்தத்தை வைத்துத்தான் சொன்னார்.

கொடுத்த காசு தகும் என்று தோன்றியது அரிசி மில் களத்தில். அங்கே இன்னும் ஒரு பழைய சோடியம் விளக்கு இருக்கிறது. சாயங்காலம் சுவிட்சைப் போட்டதிலிருந்து குழாயை எடுக்காமல் பார்த்தேன். சற்று நேரத்தில் மஞ்சள் வரி மெல்லியதாக ஏறியது. சூடு ஏற ஏற அது இருபுறமும் அகன்றது. அப்புறம் நடுவில், வெளிச்சம் அதிகமாக இருக்க வேண்டிய இடத்திலேயே, கறுப்பாக ஒரு கோடு. விளக்குக் குழலின் நடுவில் உள்ள சூடான சோடியம் 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை ஒளியாக விடுகிறது. ஓரத்தில் ஆறிக் கிடக்கும் சோடியம் மேல் ஆற்றல் நிலைக்கு ஏறத் தேவைப்படுவதும் அதே 2.1. அதனால் லபக்கென்று விழுங்கிவிடுகிறது. திருப்பி விட்டாலும் நாலா பக்கமும் சிதறுவதால் நம் கண்ணுக்கு வருவது கொஞ்சம்தான். விடுவதையும் விழுங்குவதையும் ஒரே விளக்கில் பார்த்தது எனக்கு அன்றுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வாங்கினால் கையோடு ஒரு பிளேடும் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவிளக்கில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் எல்லாம் எல்இடி, நீலம் தூக்கலான தொடர்பட்டைதான் தெரியும், வரியே கிடையாது. மில்காரரும் அடுத்த மாதம் விளக்கை மாற்றப் போகிறாராம். அதற்குள் பிளஸ் டூ பிள்ளைகளை அங்கே ஒரு நடை கூட்டிப் போக வேண்டும்.