தூத்தூர் போட்டுக்கு இரும்பா, அலுமினியமா?

குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, நீரோடிக்காரர்களின் ஆழ்கடல் மீன்பிடிப் போட்டுகள் (படகுகள்) பல இன்று இரும்பில்தான் கட்டப்படுகின்றன. கொச்சியில் 2023-ல் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோ பயணிகள் படகுகளின் கூடோ (படகின் உடல்) அலுமினியம். நமக்கும் அது ஒத்துவருமா?

எடையில் தொடங்குவோம். 6 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் 8 மி.மீ. தகடு போட்டுக் கணக்கிடுவோம். அப்போதும் 21 கிலோதான். கிலோ விலை ஐந்து மடங்கு என்றாலும் தகட்டுச் செலவு இரண்டேகால் மடங்குதான் ஆகும். கிலோ விலையைக் கேட்டதுமே பயந்துவிட வேண்டியதில்லை.

உண்மையில் கை கடிப்பது வெல்டிங். இரும்புக்குச் சாதாரண ராடும் ஒரு வெல்டரும் போதும், எந்தத் துறைமுகத்திலும் கிடைப்பார். அலுமினியத்துக்கு, வெல்டைக் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயுவும் மிக் (MIG) வெல்டிங் மெஷினும் வேண்டும். வெல்டு போடுமுன் அசிட்டோனால் துடைத்து, இரும்பில் படாத தனி ஸ்டெயின்லெஸ் பிரஷால் மேல் ஆக்சைடைத் தேய்த்தெடுக்க வேண்டும். கடற்காற்று ஆர்கானைக் கலைத்தாலோ, மழைக்கால ஈரம் தகட்டில் இருந்தாலோ வெல்டுக்குள் தேன்கூடு போல ஓட்டை விழும். மேலே பார்த்தால் தெரியாது. வெல்டு சூடு பட்ட இடத்தில் 5083 என்ற கப்பல் தர அலுமினியத் தகட்டின் வலுவும் கணிசமாகக் குறையும். நடுக்கடலில் வாரக்கணக்கில் தங்குகிற போட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

டீசல் மிச்சமாகாதா? 8, 9 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போகும் போட்டு பல டன் ஐஸும் டீசலும் சுமக்கிறது. கூட்டில் சில டன் குறைந்தால் பெரிய மிச்சமில்லை. 25 நாட் பயணிகள் படகானால் கதை வேறு. வாட்டர் மெட்ரோ மெதுவாகப் போனாலும் பேட்டரி எடையைச் சுமக்கிறது, அங்கே ஒவ்வொரு கிலோவும் காசு.

துருவில் அலுமினியத்துக்கே வெற்றி. இரும்புப் போட்டு ஐஸ் அறையின் இன்சுலேஷனுக்குப் பின்னால்தான் அரிக்கும். பழுது பார்க்க டிரை டாக்கில் ஏற்றும்போதெல்லாம் அல்ட்ராசோனிக் கருவியால் அங்கே தகட்டுக் கனம் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் அலுமினியத்துக்குச் செம்பு எமன். படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரில் ஒரு செம்புக் கம்பித்துண்டு கிடந்தாலும் அடியில் குழி விழும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டும் அடிக்கக் கூடாது.

ஆழ்கடல் தூண்டில் போட்டுக்கு என் வாக்கு இரும்புக்கே. வீல் ஹவுஸை (போட்டு ஓட்டும் அறையை) மட்டும் அலுமினியத்தில் கட்டினால் மேல்பாரம் குறைந்து போட்டு கவிழும் அபாயமும் குறையும். இரும்பு டெக்கோடு அதை நேராக வெல்டு செய்ய முடியாது. இரு உலோகமும் ஒட்டிய இணைப்புப் பட்டை வாங்க வேண்டும், அல்லது நடுவே ரப்பர் கொடுத்துப் போல்ட் முடுக்க வேண்டும்.