ஆஸ்திரேலிய ஓரியன்டீரிங் பயிற்சியாளர் சான்றிதழ்: எந்தப் படி யாருக்கு?

மேப்பும் காம்பஸும் கையில். மேப்பில் வட்டமிட்ட இடங்களில் தொங்கும் ஆரஞ்சு-வெள்ளைக் கொடிகளை வரிசை மாறாமல் கண்டுபிடித்து, யார் முதலில் திரும்புகிறார்கள் என்பதுதான் ஓரியன்டீரிங். இதைச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஓரியன்டீரிங் ஆஸ்திரேலியா அமைப்பு 0, 1, 2, 3 என்று படிப்படியாகச் சான்றிதழ் தருகிறது. மெல்பர்ன், சிட்னி பள்ளிகளில் வேலை பார்க்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும், பிள்ளையைக் கிளப்பில் விட்டுவிட்டு காரில் உட்கார்ந்து போன் பார்க்கும் பெற்றோருக்கும் இதில் எது பயன்படும் என்று பார்ப்போம்.

முதலில் பாராட்டு. நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடுவீர்கள் என்பதை வைத்து இவர்கள் படிகளைப் பிரிக்கவில்லை. வழி தவறிய பிள்ளை எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்பதுதான் உள்ளே இருக்கும் அளவுகோல். படி 0 என்றால் எல்லை தெளிவாகத் தெரியும் பள்ளி வளாகம், சின்னப் பூங்கா. படி 1 கிளப்புக்கு வரும் புதியவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறவர்களுக்கு. படி 2 கடினமான தடங்களில் தேறவைப்பவர்களுக்கு. படி 3 மாநில, தேசிய அணிகளைத் தயார் செய்பவர்களுக்கு. அது வேண்டியவர்களுக்கு இந்த விமர்சனம் தேவைப்படாது.

படி 0 பள்ளி ஆசிரியர்களுக்கு அளந்து தைத்த சட்டை. இங்கே கற்க வேண்டிய முக்கியமான ஒரு பாடம் நட்சத்திரப் பயிற்சி. ஆசிரியர் மைதானத்தின் நடுவில் நிற்க, ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு கொடிக்குப் போய், அதிலிருக்கும் எழுத்தைக் குறித்துக்கொண்டு நடுவுக்குத் திரும்பி, அடுத்த கொடி எது என்று கேட்டுக்கொண்டு போகவேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் முகமும் கண்ணில் படும். தப்பான எழுத்தோடு வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். 24 பிள்ளைகள், 12 ஜோடி என்றால் கொடியும் 12 வேண்டும். ஆறே போதும் என்று சமாளித்தால், பாதிப் பேர் மேப்பைப் படிக்கமாட்டார்கள், முன்னால் ஓடுகிறவர்களின் முதுகைத்தான் படிப்பார்கள். நடுவிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் கொடியைக் கட்டுவது அடுத்த தவறு. பள்ளி அலுவலகத்தில் கொடுக்கும் கட்டடப் பிளானை அப்படியே நகலெடுத்துக் கொடுப்பது அதைவிட மோசம்: அதில் மரமும் பெஞ்சும் இருக்காது, வடக்கு எங்கோ ஒரு மூலையைப் பார்த்திருக்கும். எழுத்துகள் நேராக வரும்படி மேப்பைப் பிடிக்கத்தான் பிள்ளைக்குக் கை போகும். கையில் இருக்கும் மேப்பின் வடக்கு நிலத்தின் வடக்கோடு பொருந்தும்படி திருப்பி, இப்போது நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைக்கப் பழக்குவதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். முடியட்டும். அவசரப்பட்டு காம்பஸ் பாகைகளைக் கற்பிக்கத் தொடங்குகிறவர்கள்தான் வகுப்பைக் கெடுக்கிறார்கள்.

கொடுக்கும் உழைப்புக்கு அதிகம் திருப்பித் தருவது படி 1. இங்கே நன்றாக நடைபயணம் போகிறவர்களும் சாரணர் தலைவர்களும் எதிர்பாராமல் சறுக்குவார்கள். சாதாரண நிலவரைபடத்தில் காம்பஸ் முள் காட்டும் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பழகிய கை அது; மெல்பர்ன் பக்கம் அது கிழக்கே 12 பாகை அளவில் வரும். ஓரியன்டீரிங் மேப்போ காந்த வடக்கை வைத்தே வரையப்பட்டது. பழக்கதோஷத்தில் அதிலும் 12 பாகை திருத்தினால், 200 மீட்டர் நடப்பதற்குள் 40 மீட்டர் விலகிவிடுவோம். காட்டில் கொடியைத் தவறவிட அது தாராளம்.

இந்தப் படியில் உண்மையான சோதனை, கற்பவரின் பின்னால் நடப்பது. இருபது மீட்டர் பின்னால், வாயை மூடிக்கொண்டு. "அதோ பார், அந்தப் பாறை" என்று கை நீட்டிய நொடியில் பாடம் போச்சு. கொடியை அடைந்த பிறகு, "எந்த வழியா வந்தே? எது தெரிஞ்சதும் திரும்பினே?" என்று கேட்கவேண்டும். பதில் சொல்லத் தெரியாதவர் அதிர்ஷ்டத்தில் வந்தவர். கிளம்பும் முன் ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்: வழி தவறினால் எந்தத் திசையில் நடந்தால் சாலை வரும், விசில் எதற்கு, எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும். எல்லாக் கொடியும் கிடைக்காவிட்டாலும் முடிவிடத்தில் வந்து, கொடிகளுக்குப் போனதைப் பதிந்துகொள்ளும் எலக்ட்ரானிக் கார்டைக் காட்டியே ஆகவேண்டும். காட்டாமல் வீட்டுக்குப் போனவரைத் தேடி இருட்டில் ஆள் போகும்.

படி 1-க்கும் 2-க்கும் நடுவில்தான் ஏணியில் ஒரு குச்சி குறைகிறது. பாதை, வேலி, ஓடை என்று கோடாகத் தெரிவதைப் பிடித்துப் போவதைச் சொல்லிக்கொடுத்தவர், திடீரென்று நிலத்தின் வடிவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. விக்டோரியாவின் பெண்டிகோ, காசில்மெய்ன் பக்கத்துப் பழைய தங்கச்சுரங்கக் காடுகளில் மேப் முழுக்கக் குழிகள். அனுபவம் குறைந்த பயிற்சியாளர் குழியை எண்ணி வழி கண்டுபிடிக்கச் சொல்வார். ஒன்றை விட்டால் அத்தனையும் போச்சு. சம உயரக் கோடுகளை வைத்து வட்டம் வரை போய், வட்டத்துக்குள் வந்த பிறகே குழியைத் தேடவேண்டும். மேட்டு நீட்சியும் (சரிவில் வெளியே துருத்தும் மேடு) நீர்மடிப்பும் (உள்ளே குடைந்த பள்ளம்) மேப்பில் ஒரே மாதிரி வளைவாகத்தான் தெரியும். எந்தப் பக்கம் உயரம் என்று பார்க்காவிட்டால் தலைகீழாகப் போகும். பக்கத்து மடிப்பைத் தேடிவந்த மடிப்பு என்று நம்பி, கண்ணில் படுவதையெல்லாம் அதற்கு ஒத்துவரும்படி வளைத்துக்கொள்வது இன்னொரு வியாதி. மருந்து ஒன்றுதான்: பாதையும் குழியும் நீக்கி, பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளை மட்டும் அச்சிட்ட மேப். இருவர் இருவராக, ஒருவர் வழிநடத்த மற்றவர் பேசாமல் பின்தொடர்ந்து, கொடிக்குக் கொடி முறை மாற்றிக்கொள்ளவேண்டும். இதைப் படி 1-இன் கடைசியிலேயே ஒரு நாள் சேர்த்திருந்தால் படி 2-இல் இவ்வளவு பேர் திணறமாட்டார்கள்.

இனி நடைமுறை. பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான மாநிலச் சோதனைச் சான்று (Working with Children Check) முதலில் வேண்டும். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் அது 5 ஆண்டு செல்லும். பயிற்சியாளர் சான்றிதழுக்கும் காலாவதி உண்டு, அது வேறு தேதியில் வரும். இரண்டையும் காலண்டரில் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். காட்டுப் பயிற்சிக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். கோடையில் காட்டுத்தீயும் பாம்பும் இருப்பதால் எல்லோரும் தெருவுக்கும் பூங்காவுக்கும் வந்துவிடுவார்கள், படி 0 பழக அதுவே தோது.

ஐரோப்பாவிலிருந்து யாராவது காம்பஸ் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வட அரைக்கோளத்துக்குச் சமன்செய்த முள் இங்கே சாய்ந்து டப்பாவின் அடியில் உரசி நின்றுவிடும். உள்ளூர்க் கடையில் தென் அரைக்கோளத்துக்கானதைக் கேட்டு வாங்கி, போன் இருக்கும் பாக்கெட்டில் போடாமல் வையுங்கள். காந்தம் பட்டுச் சிவப்பு முனை தெற்கைக் காட்டத் தொடங்கினால், வகுப்பில் முதலில் வழி தவறுவது பயிற்சியாளராகத்தான் இருக்கும்.