சைக்கிளோடு இலங்கை: நாகைக் கப்பலா, திருவனந்தபுரம் விமானமா?

நெல்லையிலிருந்து கிளம்பும் சைக்கிள்காரருக்கு இலங்கைக்கு இரண்டு வாசல். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிக் கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கலாம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறையில் இறங்கலாம். திருவனந்தபுரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். நாகை அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல். அதை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

விமானத்தில் தொல்லையே சைக்கிளைப் பிரித்து அடைக்கும் பெட்டிதான். சைக்கிள் கடையில் அட்டைப்பெட்டி கிடைக்கும், ஆனால் அதைக் கட்டிக்கொண்டு நாங்குநேரி, ஆரல்வாய்மொழி வழியே மிதிக்க முடியுமா? பெட்டியைத் திருவனந்தபுரத்திலேயே பேசிவைக்க வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ். வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பின் சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லியரைக் கழற்றித் துணி சுற்றிச் சட்டத்தோடு கட்டுங்கள். அப்படியே விட்டால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து, போன இடத்தில் கியர் தாவும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் பேடுகளுக்கு நடுவே அட்டைத்துண்டு செருகுங்கள். சக்கரம் கழற்றிய முன் ஃபோர்க்குக்கு ஒரு முட்டு கொடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான். திரும்பி வரவும் பெட்டி வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்து நீர்கொழும்பு விடுதியில் விட்டுவைத்தால் அலைச்சல் மிச்சம்.

கப்பலுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். வண்டியை முழுசாக ஏற்றுவார்களா, பிரிக்கச் சொல்வார்களா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். மற்ற மாதங்களிலும் இரண்டு நாள் கையிருப்பு வையுங்கள்.

இறங்கிய பிறகுதான் கப்பலின் அருமை தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 சாலை ஆனையிறவு, வவுனியா வழியே தம்புள்ளை வரை பெரிய ஏற்றமில்லாதது. கால் பழகிய பின்தான் கண்டி மலை வரும். கட்டுநாயக்கவில் இறங்கிக் கண்டிக்குப் போனால் முதல் நாளோ மறுநாளோ கடுகண்ணாவை ஏற்றம். விமான நிலையத்தை ஒட்டிய அதிவேகச் சாலையிலும் சைக்கிளுக்கு இடமில்லை.

காற்றையும் பாருங்கள். முப்பந்தல் காற்றாடிகளைச் சுழற்றும் ஆடிக்காற்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகை வரை முதுகில் தள்ளும். ஏ9-இல் தெற்கே திரும்பியதும் அதுவே முகத்தில் அறையும். மாசியில் இது தலைகீழ். மாசிக் கப்பல்தான் நம் தேர்வு. நாகை வரை ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விடலாம்.

எந்த வழியானாலும், உங்கள் சக்கரத்துக்கு ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால், அந்த டியூப் குறைந்தது மூன்று எடுத்துப்போங்கள். ஊர்ப்புறக் கடைகளில் பஞ்சர் ஒட்டுவார்கள், அந்த டியூப் கிடைப்பது அரிது.